ஐந்தாம் மாடிச் சுவரில் இரண்டு துளைகள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. பிஷ்கேக்கில் ஒரு கொதிகலன் கூடத்தில் நான் இரவு வேலை பார்த்தபோது, வீடுகளின் வெப்பக் குழாய்களைப் பழுதுபார்க்கும் புருல்கான் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வந்து சொன்னது. பாதி மறந்துவிட்டது. அந்தப் பாதியை இட்டுக்கட்டியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: 'பனி மெல்லப் பெய்துகொண்டிருந்த காலையில், தன் கடந்தகாலத்தை நினைத்தபடி அவள்...'

வேண்டாம். அவள் எதையும் நினைக்கவில்லை. நிலவறையில் குனிந்து குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஐந்து மாடிக் கட்டடத்தில் கீழிருந்து மேலே போகும் ஒரே ஒரு வெந்நீர்க் குழாய் வரிசை மட்டும் சில்லிட்டுக் கிடந்தது. அதில் மாடிக்கு ஒன்றாக ஐந்து வீடுகள். உச்சியில் காற்று அடைத்திருந்தது. கீழிருந்து இரண்டு முறை தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டும் அசையவில்லை. மதியத்துக்குள் சூடு ஓடாவிட்டால் குழாய் உறைந்து வெடிக்கும். அதற்குமுன் அவளே வரிசையிலுள்ள தண்ணீரை வடித்து மூட வேண்டும். திங்கள்வரை ஐந்து வீடும் குளிரில்.

பதினொரு குளிர்காலங்களில் இந்தக் கட்டடத்தில் அவள் ஒரு வரிசையைக்கூட வடித்ததில்லை.

நாலாம் மாடி சோவியத்பெக் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தான். "எங்க ரேடியேட்டர் மேல இறைச்சிய வச்சா வசந்தம் வரைக்கும் கெடாதுக்கா," என்றான். அவள் அவன் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, சொல்லும்போது குழாயைத் தட்டச் சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

காற்றை வெளியேற்றும் திருகு ஐந்தாம் மாடி ரேடியேட்டரின் கடைசி இரும்புப் பட்டையில் இருக்க வேண்டும். ரேடியேட்டரையே காணோம். அதை மறைத்துப் புதிய பலகைச் சுவர், பூப்போட்ட தாள். வீட்டுக்காரி ஐஸிரெக் சுவர்முன் கைகளை விரித்து நின்றாள். மகளுக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் ஒரு மணிக்கு வருகிறார்கள்.

(ஐஸிரெக்கைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அப்படிப்பட்ட நாளில் துருப்பிடித்த இரும்பை யார்தான் மறைக்க மாட்டார்கள்?)

"தேநீர்க் கிண்ணம் அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை," என்றாள் புருல்கான். "பழைய ரேடியேட்டர்தானே? ஏழு பட்டை?"

"பழசுதான்க்கா. நாங்க தொடவே இல்ல."

3

சோவியத்பெக் கீழே தட்டினான். புருல்கான் சுவரில் காது வைத்துக் குழாய் நிற்கும் இடத்தைப் பிடித்தாள். அங்கிருந்து ஏழு பட்டை அளந்து அறுத்தாள்.

திருகு இல்லை. வெறும் இரும்பு.

உள்ளே கைவிட்டுத் தடவினாள். எட்டு. ஒன்பது. பத்து. ஐஸிரெக் தரையைப் பார்த்தாள்.

"மூணு பட்டை கூட்டியிருக்க. அது கீழ்வீட்டுச் சூடு," என்றாள் புருல்கான். "ரெண்டாவது ஓட்டை என்னால இல்ல, உன்னால."

ஒரு சாண் தள்ளி அறுத்தாள். திருகு அங்கே இருந்தது. திறந்ததும் ஒன்பது நிமிடம் காற்று சீறியது, பிறகு கறுப்புத் தண்ணீர் துப்பியது. பதினொன்று நாற்பதுக்குச் சூட்டில் குழாயில் கை வைக்க முடியவில்லை. கீழிருந்து சோவியத்பெக், யாரும் சொல்லாமலே, கரண்டியால் மூன்று முறை தட்டினான்.

4

என் முதல் பிரதியில் ஒரே துளைதான். முதல் அறுப்பிலேயே திருகு. அழகாக இருந்தது. புருல்கானிடம் வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டுன்னு எழுது."

ஒன்றென்றால் அவளுக்குத்தானே பெருமை என்றேன்.

"குருட்டு அதிர்ஷ்டத்துல என்னடா பெருமை? மொத ஓட்டைக்குள்ள கைய விட்டு எண்ணித்தான் ரெண்டாவத போட்டேன். அதுதான் வேலை."

ஆகவே இரண்டு. துளைகள்மேல் கம்பளம் தொங்கவிடப் போன ஐஸிரெக்கைப் புருல்கான் தடுத்தாள். மறைத்தால் அடுத்த முறை சுவரையே பெயர்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சுவர்முன் நின்று, எதற்கு இரண்டு துளை என்று கேட்டார். கீழ்வீட்டுச் சோவியத்பெக்கும் விருந்துக்கு வந்திருந்தான். ஐஸிரெக் வாயைத் திறந்து...

இந்த வாக்கியத்தை ஆறு விதமாக முடித்து ஆறையும் அடித்துவிட்டேன். பொய்யோ உண்மையோ, அவள் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை: சூடேறிய அந்த அறையில் யாரும் கோட்டுப் போட்டிருக்கக் கூடாது.