கம்பு பிடித்தவள்

விடியற்காலையில் நீச்சல் குளத்தில் முதலில் இறங்குவது வலை. நீளமான கம்பின் நுனியில் மாட்டிய வலையைத் தண்ணீரின் மேல் சாய்த்து இழுத்தால் இலை, பூச்சி, தலைமுடி எல்லாம் சேர்ந்து வரும். பூனை வலை இழுப்பாள். நெட்டை கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் சரியாக வருகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். பிறகு இருவரும் மண்டியிட்டு ஓரத்து ஓடுகளைத் தேய்ப்பார்கள். ஆறு மணிக்கு மன்றத்தின் உறுப்பினர்கள் வருவதற்குள் வெள்ளைத் துண்டுகள் மூன்று மடிப்பாக அலமாரியில் ஏறியிருக்க வேண்டும்.

பூனைக்குப் பதினைந்து வயது. சத்தமில்லாமல் நடப்பாள், எதைக் கேட்டாலும் பதில் சொல்ல அரை நிமிடம் எடுத்துக்கொள்வாள் என்பதால் நெட்டை வைத்த பெயர் அது. மூட்டை தூக்கும் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு படுத்த வாரத்தில், ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்தவள். நெட்டை ஒரு வயது மூத்தவள். அவளுடைய அம்மா பக்கத்துத் தெருவில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள்.

வேலையை வேகமாக முடித்தால் நீச்சல் மாஸ்டர் வருவதற்கு முன் அரை மணி நேரம் மிஞ்சும். அதைக் கண்டுபிடித்தவள் நெட்டைதான். மாலையில் ஈரத் துண்டுகளைப் பொறுக்கும்போது, மாஸ்டர் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதை அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். மடக்கு, விரி, சேர் என்று அவர் கத்துவார். துண்டு மடிக்கும் பெஞ்சில் குப்புறப் படுத்து அவளும் காலை மடக்கி, விரித்து, சேர்த்துப் பார்த்தாள். ஒருநாள் கம்பிலிருந்து வலையைக் கழற்றிவிட்டுக் கம்பைப் பூனையின் கையில் கொடுத்தாள்.

"நான் சுவரை விட்டுட்டு முங்கினா உடனே கம்பை நீட்டணும். அப்ப போய் அரை நிமிஷம் யோசிக்காத."

பிறகு பூனையின் முறை வந்தது. அவள் ஏணியைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று நின்றாள். பேர் வச்சது சரியாத்தான் இருக்கு என்று நெட்டை சிரித்தாள். மூன்று மாதத்தில் நெட்டை குளத்தின் முழு நீளத்தையும் கம்பில்லாமல் கடந்தாள். பூனை அகலத்தைக் கடந்தாள். முடி ஏன் துடைப்பம் மாதிரி ஆகுது என்று அம்மா கேட்டபோது நெட்டை, குளத்து மருந்துக் காற்று பட்டுத்தான் என்றாள்.

ஒரு சனிக்கிழமை மாலை. மாஸ்டர் போன் பேசிக்கொண்டே வெளி வாசல் வரைக்கும் போயிருந்தார். மன்றச் செயலாளரின் மகள், ஆரஞ்சுத் தொப்பி போட்டவள், கரையில் உட்கார்ந்து தோழிகளுக்குத் தன் செல்போனில் எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பதினைந்து வயதுதான். அவளுடைய ஆறு வயதுத் தம்பி பந்தைத் துரத்திக்கொண்டு ஆழமான பக்கம் போனான். பிறகு பந்து மட்டும் மிதந்தது.

பூனைதான் முதலில் பார்த்தாள். கத்த வாயைத் திறந்தாள்; குரல் வரவில்லை. கையில் இருந்த கம்பால் தரையை ஓங்கி அடித்தாள். திரும்பிய நெட்டை, கையிலிருந்த துண்டுகளைப் போட்டுவிட்டு வேலைக்காரச் சீருடையோடு குதித்தாள். அடியில் போய்ப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தபோது, கம்பின் நுனி அவள் முகத்துக்கு நேராக இருந்தது. பூனை இருவரையும் கரைக்கு இழுத்தாள். பையன் தண்ணீரைக் கக்கி, அழ ஆரம்பித்தான்.

பையனின் அம்மா ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து நெட்டையின் தோளில் போர்த்தினாள். அந்தத் துண்டுகளின் மூலையில் நீல நூலால் எண் தைத்திருக்கும். வேலைக்காரர்கள் துவைக்கலாம், மடிக்கலாம். உடம்பில் போடக் கூடாது. இது நூற்றுப் பன்னிரண்டு. செயலாளர் நெட்டையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "நீ எங்க வீட்டுப் பொண்ணும்மா" என்றார்.

அடுத்த இரண்டு நாளும் நெட்டைக்கு அதுவே விளையாட்டு. ஓடு தேய்த்துக்கொண்டே, "எங்க வீட்டுக் குளம் எப்படிடி இருக்கு? பிடிச்சிருக்கா?" என்று கேட்பாள். பூனை சிரித்துச் சிரித்துப் பிரஷ்ஷைத் தண்ணீருக்குள் விட்டாள்.

நடந்ததைச் செயலாளரின் மகள் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொன்னாள். திங்கட்கிழமை துண்டு அலமாரியின் முன்னால் அப்பாவிடமும் மறுபடி சொன்னாள். "அவ எங்கள மாதிரியே நீந்தினாப்பா. மாஸ்டர் சொல்லித்தர்ற அதே ஸ்டைல். என்னைவிடச் சுத்தமா." பாராட்டாகத்தான் சொன்னாள். செயலாளர் துண்டை எடுக்க நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார்.

அடுத்த நாள் நெட்டையை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பூனை துண்டு வண்டியோடு வெளியே நின்றாள். கதவு பாதி திறந்திருந்தது. நீச்சல் எங்கே கற்றுக்கொண்டாய் என்று செயலாளர் மெதுவாகத்தான் கேட்டார். ஆற்றில் என்றாள் நெட்டை. எந்த ஆறு என்றார். எத்தனை நாளாக என்று கேட்டபோது மூன்று மாதம் என்று சொல்லிவிட்டாள். மாஸ்டர் ஜன்னல் பக்கம் நின்று விசிலின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். அன்று அவர் எங்கே போயிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"கூட யாரு?"

"தனியாத்தான் சார்."

"தனியா யாரும் கத்துக்க முடியாதும்மா. யாராவது பிடிச்சிருக்கணும்."

"சுவரப் பிடிச்சுக்கிட்டேன்."

கதவுக்கு இரண்டு எட்டுதான். பூனை மூச்சை இழுத்துக்கொண்டாள். முதல் வார்த்தை தொண்டை வரை வந்தது. அதற்குள் உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பையனைக் காப்பாற்றியதைச் சாகும்வரை மறக்க மாட்டேன், ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது என்று செயலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று போர்த்திக்கொண்டு போன துண்டையும் கொண்டுவந்து கொடுத்துவிடச் சொன்னார்.

வெளியே வந்த நெட்டை பூனையின் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். "வாயத் திறந்த, அப்புறம் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன். ரெண்டு வீட்டு அடுப்பும் அணையணுமா? ஒண்ணு போதும்டி."

மறுநாள் காலை அவள் துண்டைத் துவைத்து, மூன்று மடிப்பாக மடித்து, வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு உள்ளே வராமலே போய்விட்டாள்.

அந்த வாரம் புகார்ப் புத்தகத்தில் ஐந்தாறு பேர் எழுதினார்கள். எத்தனை நாளாக இப்படி வேலைக்காரர்களோடு ஒரே தண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒருவர் கேட்டிருந்தார். குளத்தைக் காலி செய்தார்கள். மாதக் கடைசியில் செய்கிற வேலைதான், கொஞ்சம் முன்னாடியே செய்கிறோம் என்று மாஸ்டர் பூனையிடம் சொன்னார். அவள் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

பூனை வாளியோடும் பிரஷ்ஷோடும் இறங்கினாள். கால் எட்டாத ஆழத்தின் தரையில் இப்போது மண்டியிட்டுத் தேய்த்தாள். மத்தியானம் மாஸ்டர் மேலே இருந்து தரை துடைக்கத் துணிகளைப் போட்டார். கழித்துக்கட்டிய துண்டு ஒன்றை நான்காக வெட்டியிருந்தார்கள். ஒரு துணியின் மூலையில் நீல நூலில் நூற்றுப் பன்னிரண்டு.

செயலாளரின் மகள் வந்து கரையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தாள்.

"அந்த உயரமான பொண்ணு எங்க? தம்பி அவளுக்காக ஒரு படம் வரைஞ்சிருக்கான்."

பூனை அரை நிமிடம் எடுத்துக்கொண்டாள். "நிறுத்திட்டாங்க."

அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் நல்லதாத்தான் சொன்னேன்" என்றாள்.

"அவ கத்துக்கிட்டப்ப நான்தாங்க கம்பு பிடிச்சேன்" என்றாள் பூனை. "நானும் நீந்துவேன்."

வெறும் குளத்தின் சுவர்களில் பட்டு அந்தக் குரல் பெரிதாகத் திரும்பி வந்தது. அவளுக்கே அது வேறு யாருடைய குரலோ போல இருந்தது. மேலே இருந்தவள் சட்டென்று சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பயப்படாத. அப்பாகிட்டச் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மாஸ்டர் குழாயைத் திறந்தார். "ஒரு கால் தடம்கூட இருக்கக் கூடாதும்மா, பார்த்துத் துடை" என்றார். ஆழமான பக்கத்தில் தண்ணீர் விழத் தொடங்கியது. பூனை மண்டியிட்டு, தன் பாதம் பதிந்த இடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி சரிவில் பின்னோக்கி ஏறினாள். துடைத்து முடித்த இடத்தைத் தண்ணீர் மெல்ல மூடிக்கொண்டே வந்தது. ஏணிக்கு வந்ததும், மேலே ஏறி நின்று குனிந்து, தான் மிதித்த கடைசிப் படியையும் துடைத்தாள்.