ஒண்ணுமில்லையே?

பிரஷர் பார்க்கும் மெஷினைக் கீழே போட்டவன் நான்தான். ஒரு வருடம் விபத்தே இல்லாமல் லைனில் வேலை பார்த்ததற்காகக் கார் கம்பெனியில் கொடுத்த பரிசு அது. நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, பெருமையாகப் பெட்டியைப் பிரித்தேன். கை நழுவித் தரையில் விழுந்தது. என் விபத்தில்லா வருடம் சமையலறையில் முடிந்தது.

கெட்டுப்போய்விட்டதா என்று பார்க்க ஒரு கை வேண்டும். அம்மாவிடம் கேட்டால் கையோடு பத்து வியாதியும் சேர்ந்து வரும். தோசை சுட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஜூலியின் இடது கை சும்மா இருந்தது. அதில் பட்டையைச் சுற்றினேன்.

இருநூற்றுப் பத்துக்கு நூற்று இருபது.

"மெஷின் செத்துடுச்சு," என்று சிரித்தேன்.

"அவளுக்கு இன்னா பிரஷர்? கல்லு மாதிரி கீறா," என்றாள் அம்மா. "தோச கருவுது பாரு."

என் கையில் சுற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி ஜூலிக்கு வைத்தேன். அதே இருநூற்றுப் பத்து. மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஜூலி, ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல." நெற்றியை அழுத்திக்கொண்டே சொன்னாள்.

பைக்கில் ஏற்றினேன். ஒரகடம் ரோட்டில் புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர் ஒன்று உரசுவதுபோலக் கடந்து போனது. பின்னால் அவளிடமிருந்து சத்தமே இல்லை. என்னோடு லைனில் நிற்கும் கோமதிநாயகத்தின் மனைவி போன மாதம் பிரஷர் ஏறி பாத்ரூமில் விழுந்தவள். வாய் கோணிவிட்டது, இன்னும் பேச்சு வரவில்லை. அவனும் இதே பரிசு வாங்கியவன்தான்.

"பேசிக்கினே வா, ஜூலி."

"இன்னா பேசறது?"

"எதனா. என்னத் திட்டு."

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றாள். திட்டச் சொல்லியும் அவள் திட்டாதது அன்றுதான். வண்டியை விரட்டினேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் பூர்ணிமா வரிசையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். நான் விளக்க ஆரம்பித்தேன்.

"அவங்க சொல்லட்டும் சார்," என்றவர் ஜூலியிடம் திரும்பினார். "எங்கம்மா வலிக்குது?"

ஜூலி என்னைப் பார்த்தாள். டாக்டர் காத்திருந்தார்.

"பின்மண்டைல. ஏந்திரிக்கும்போதே வலிக்கும். ரெண்டு வருஷமா. மெடிக்கல்ல வலி மாத்திர வாங்கிப் போட்டுக்குவேன், தெனம்."

"அந்த மாத்திரையே பிரஷர ஏத்தும்மா. கிட்னியும் பாக்கணும். கடைசியா எப்ப பிரஷர் பாத்தாங்க?"

"புள்ள வயித்துல இருந்தப்ப."

"புள்ளைக்கு இப்ப என்ன வயசு?"

"பாலிடெக்னிக் முடிக்கப் போறான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். எனக்கு வருடா வருடம் கம்பெனியில் கண், காது, ரத்தம் எல்லாம் பார்க்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவரும் பெண்ணுக்கு டீ போட்டுக் கொடுப்பது ஜூலி.

மாத்திரை கொடுத்து, வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். பிரஷர் இறங்காவிட்டால் ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமாம். போன் அடித்தது. மாவு புளிக்கிறது என்றாள் அம்மா.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று ஜூலியிடம் கேட்டேன். "தெனமும் கேக்கறேனே."

"நீ இன்னா கேப்ப? 'ஒண்ணுமில்லையே'ன்னு கேப்ப. நானும் ஒண்ணுமில்லன்னு சொல்லுவேன். அந்தம்மா எங்க வலிக்குதுன்னு கேட்டாங்க."

பேரிலேயே இருதயத்தை வைத்திருக்கும் இருதயசாமியான நான், கேள்வியை மாற்றிக் கேட்டேன்.

"இப்ப... எப்படிக் கீது?"

"பயமா கீது," என்றாள் ஜூலி. பிறகு, என் கையிலிருந்த போனைப் பார்த்து, "வூட்டுக்கு அனுப்புனா இன்னிக்குத் தோச நீ சுடு. நான் படுத்துக்கப் போறேன்."