டாக்கெல் யார் பேச்சையும் கேட்காது

பவேரியாவில் டாக்கெல் என்ற குட்டைக்கால் நாயைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அது கிழவிகளின் சோபாவுக்கென்றே பிறந்தது என்பார்கள். சட்டை போட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய பொம்மை என்பார்கள். நாலு விரல் காலை வைத்துக்கொண்டு காட்டில் என்ன கிழிக்கப் போகிறது என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அது யார் பேச்சையும் கேட்காது என்ற விஷயத்தில் மாட்டுப் பண்ணைக்காரரும் பாதிரியாரும் ஒரே கட்சி.

வால்பூர்கா இந்தக் கருத்துகளையெல்லாம் வாரத்தில் ஆறு நாளும் இலவசமாகக் கேட்டு வந்தாள். ஹின்டராவ் கிராமத்தின் தபால்காரி அவள். வீட்டுக்கு வீடு கடிதத்தைக் கொடுப்பாள். பதிலுக்கு லும்பியைப் பற்றி ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வருவாள். லும்பி அவளுடைய டாக்கெல். செம்பட்டையான கம்பி முடி, தாடி, ஒன்பது கிலோ எடை, ஊர் முழுவதற்கும் போதுமான கர்வம்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வேட்டைச் சங்கத்தில் ஒரு பட்டியல் உண்டு. யாராவது சுட்ட மான் விழாமல் காயத்தோடு ஓடிவிட்டால் அதைத் தேட எந்த நாயைக் கூப்பிடுவது என்ற பட்டியல். அதில் பக்கத்துப் பள்ளத்தாக்கு வின்சென்ஸின் உயரமான மலைநாய் மட்டும்தான் இருந்தது. லும்பியையும் சேர்க்கச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்கிறாள். சங்கத் தலைவர் ஹார்ட்டில் இரண்டு வருடமாகச் சிரிக்கிறார். சங்கம் வைத்த மோப்பத் தேர்வில் தோற்ற நாயாயிற்றே!

தோற்றது உண்மைதான். ஆனால் எப்படித் தோற்றது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்று மோப்பம் பிடித்துக்கொண்டு லும்பி வலது பக்கம் திரும்பினான். நடுவர் லேசாகச் செருமினார். அவ்வளவுதான், நாய் தப்பாகப் போகிறது என்று பயந்து அவளே வாரை இழுத்து அவனைத் திருப்பிவிட்டாள். தடம் வலது பக்கம்தான் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. தோற்றவள் அவள், பழி அவனுக்கு. அந்த நினைப்பு வந்தால் இன்றைக்கும் அவளுக்கு முகம் சுடும்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் தொலைபேசி அடித்தது.

"என்ன தபால்காரம்மா, தூங்குறியா?" ஹார்ட்டில்தான்.

"அஞ்சரை மணிக்கு வேற என்ன செய்வாங்க தலைவரே?"

"நேத்து சாயங்காலம் ஓடையோரப் புல்வெளில ஒரு ஆண் மான் மேல சுட்டேன். குண்டு பட்டுச்சு, விழல. வின்சென்ஸோட நாய்க்குக் கால்ல கண்ணாடி குத்தி, கட்டுப் போட்டுப் படுத்துக் கிடக்காம்."

"அதனால?"

"அதனால என்ன அதனால. உன் சாசேஜ் நாயைக் கூட்டிட்டு வா."

"கண்டுபிடிச்சுட்டா பட்டியல்ல சேப்பீங்களா?"

"சேக்குறேன். ஆனா கண்டுபிடிக்கலேன்னா அந்தப் பேச்சையே இனிமே எடுக்கக் கூடாது. ஆயுசுக்கும்."

ராத்திரி மழை பெய்து புல்வெளி நனைந்து கிடந்தது. சுடும்போது மான் நின்ற இடத்தில் ஹார்ட்டில் ஒரு மரக்கிளையை ஊன்றி வைத்திருந்தார்.

"இங்க நின்னுச்சு. ஒரு பெண் மானைத் துரத்திக்கிட்டு வந்துச்சு. சுட்டேன். இடது பக்கமா ஓடையைப் பாத்து ஓடுச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

வால்பூர்கா பத்து மீட்டர் தோல் வாரை லும்பியின் கழுத்துப் பட்டையில் மாட்டினாள். லும்பி கிளையைச் சுற்றியிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் படித்தான். அவசரமே இல்லை. பிறகு தலையைத் தரையோடு வைத்துக்கொண்டு வலது பக்கம், மேட்டை நோக்கி, இளம் ஊசியிலை மரங்களுக்குள் கிளம்பினான்.

ஹார்ட்டில் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தப் பக்கம் என்ன, சோபா கிடக்கா? இடது பக்கம்னு சொல்லும்மா அதுகிட்ட!"

முப்பத்தெட்டு வருடம் வேட்டையாடிய மனிதர். பார்த்தேன் என்கிறார். வால்பூர்காவின் கை தானாக வாரைச் சுண்டியது. லும்பியை ஓடைப் பக்கம் இழுத்துப் போனாள். பத்து அடி நடந்தான். அப்புறம் உட்கார்ந்துவிட்டான்.

"பாத்தியா? சொன்ன பேச்சு கேக்குதா பாரு!"

லும்பி ஹார்ட்டிலைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். போன தடவையும் இதே பார்வைதான்.

இந்த நாயின் முன்னோர்களை மண்ணைத் தோண்டி வாழும் வளைக்கரடியின் பொந்துக்குள் அனுப்புவதற்கென்றே வளர்த்தார்கள். பூமிக்கடியில் எஜமானின் சத்தம் கேட்காது. எங்கே திரும்புவது, எப்போது நிற்பது என்பதை அந்த இருட்டில் அதுவேதான் முடிவு செய்ய வேண்டும். அப்படி முடிவு செய்யத் தெரிந்ததைப் பொறுக்கிப் பொறுக்கித் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவிட்டு, கடைசியில் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று அதன் மேலேயே குறை. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

"தலைவரே, தேடுறப்போ வார் யார் கையில இருக்கோ அவங்க சொல்றதுதானே சட்டம்?"

"சட்டத்தை எனக்கே சொல்லித் தர்றியா?"

"ஆமா. பின்னாடி வாங்க. பேசாம வாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. ஆனால் வாரைத் தளர்த்தியாகிவிட்டது. லும்பி ஒரே ஓட்டமாகக் கிளையிடம் திரும்பிப் போய், மறுபடியும் முகர்ந்து, வலது பக்கம் ஏறினான்.

இளம் மரங்களின் அடிக்கிளைகள் முழங்காலுக்கும் கீழே படர்ந்திருந்தன. லும்பிக்கு அது ராஜபாட்டை. அவள் தவழ்ந்தாள். பின்னால் ஹார்ட்டில் தவழ்ந்தார், திட்டிக்கொண்டே தவழ்ந்தார். முந்நூறு மீட்டர், நானூறு மீட்டர் போயிற்று. ஒரு சொட்டு ரத்தம் கண்ணில் படவில்லை. முள் கிழித்த கை எரிந்தது. தப்பு செய்துவிட்டோமோ என்று பயந்தாள், ஆனாலும் வாரை இழுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் போனா ஆஸ்திரியா வந்துரும்," என்றார் ஹார்ட்டில். "பாஸ்போர்ட் வச்சிருக்கியா?"

லும்பி நின்றான். ஒரு ராஸ்பெரிப் புதரின் அடியில் மூக்கை வைத்தபடி அசையாமல் நின்றான். வால்பூர்கா இலையைப் புரட்டினாள். மழை படாத அடிப்புறத்தில் பழுப்பாக, மிளகளவு, ஒரு சொட்டு காய்ந்திருந்தது.

ஹார்ட்டில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப நான் பாத்தது?"

"இணை சேர்ற இந்த மாசத்துல ஒரு பெண் மான் பின்னாடி எத்தனை பேரு அலைவாங்க தலைவரே?"

அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். "ரெண்டாவது ஒருத்தன்! அடிபட்டவன் சத்தமில்லாம இந்தப் பக்கம் நழுவிட்டான். துள்ளி ஓடினது அவனோட போட்டிக்காரன். அட, இது தெரியாமப் போச்சே எனக்கு!"

இன்னும் நூறு மீட்டர். சாய்ந்த மரத்தின் வேருக்கடியில் அந்த ஆண் மான் செத்துக் கிடந்தது. சுற்றிலும் புல் கலையவில்லை. ராத்திரி முழுக்கத் துடிக்கவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. அப்போதுதான் வால்பூர்காவுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. லும்பி அதன் தோள் மேல் ஏறி நின்று, கிட்ட வந்த ஹார்ட்டிலைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

ஹார்ட்டில் தொப்பியைக் கழற்றினார். பக்கத்து மரத்திலிருந்து ஒரு இலைக்கொத்தை ஒடித்து இரண்டாகப் பிய்த்தார். வேட்டை முடிந்ததற்கு அடையாளமாகப் பாதியைத் தொப்பியில் செருகிக்கொண்டார். மறுபாதியை அவள் கையில் கொடுப்பதுதான் முறை, அவள் அதை நாயின் கழுத்துப் பட்டையில் செருகுவாள். ஆனால் கிழவர் கொடுக்கவில்லை. வலிக்கிற முழங்காலை மடக்கி ஈரத்தில் உட்கார்ந்து, உறுமலைப் பொருட்படுத்தாமல், தானே செருகிவிட்டார். லும்பி உடனே தலையைத் திருப்பி அதைக் கடித்துத் தின்ன ஆரம்பித்தான்.

அவர் சட்டைப்பையிலிருந்து பட்டியல் எழுதிய நோட்டை எடுத்தார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"பேரு சொல்லு."

"வால்பூர்கா—"

"உன் பேரு எனக்குத் தெரியாதா? தினம் தினம் கடுதாசி கொண்டாந்து போடுற. அவரு பேரக் கேட்டேன். முழுப் பேரு என்ன அவருக்கு?"

வால்பூர்கா ஈரச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள், மூக்கையும் துடைத்தாள்.

"லும்பி," என்றாள் ஒருவழியாக. "வெறும் லும்பிதான்."

ஹார்ட்டில் நோட்டை மரத்தில் வைத்து, எழுத்துக் கூட்டி, நிதானமாக எழுதினார். தொலைபேசி எண் என்ற இடத்தில் மட்டும் அவளுடையதைப் போட்டுக்கொண்டார்.