கருப்பட்டியை விட்டுப் போன எறும்புகள்

எங்கள் கடையில் எறும்பு இருப்பது செய்தி அல்ல. அப்பா அய்யாக்குட்டி கருப்பட்டி வியாபாரி. வீட்டின் முன்னறைதான் சரக்கு அடுக்கும் கிட்டங்கி. ஓலைப் பெட்டிகளின் மேல் எப்போதும் ஒரு கறுப்புக் கோடு நகர்ந்துகொண்டிருக்கும். தசரா கொடியேறிய வாரத்தில் அந்தக் கோடு காணாமல் போனது. அதுதான் செய்தி.

அப்பா எறும்புப் பொடி தூவினாரா என்று கேட்டேன். இல்லை என்றார். பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் கோடு இருந்தது. ஆனால் பெட்டியைத் தொடாமல் சுவரோரமாகப் போய், அடுக்களையைக் கடந்து, கொல்லைக் குளியலறைக்குள் நுழைந்தது. அங்கே தண்ணீர் வழிந்தோடும் மூலையில் கை அகலத்துக்கு எறும்புகள் மொய்த்துக் கிடந்தன. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். மாலையில் திரும்பவும் இருந்தன. அசையாமல் தலை குனிந்து இருந்தன, சாப்பாட்டுப் பந்தியில் இருப்பதுபோல.

கொல்லைக் குளியலறையைத் தம்பி மட்டும்தான் பயன்படுத்தினான். விரதம் இருப்பவனுக்குத் தனி என்று அம்மா ஒதுக்கியிருந்தாள்.

தம்பி சுடலைக்கண்ணன் குலசைக் கோயில் தசராவுக்குக் காளி வேஷம் போடுவதாக நேர்ந்திருந்தான். மாலை போட்ட நாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் அவன் சாமி. நாளுக்கு ஒரு வேளை பச்சரிசிச் சோறு மட்டும். ஆள் இளைத்துக்கொண்டே போனான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். அவன் பேசும்போது ஒரு வாடை வந்தது. அழுகத் தொடங்கிய கொய்யாவா, நகப்பூச்சு அழிக்கும் திரவமா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "வீட்டுல பழம் ஏது? தாயோட வாசம்ளா அது. வந்துட்டா."

தசராக் குழுவின் தலைவர் தளவாய் அண்ணாச்சியும் அதையே சொன்னார். "போன வருசம் காளி வேசம் போட்டவன் தொந்தியோட வந்தான். அரக்கனே சிரிச்சிட்டான். இதுதான் அசல் காளி."

நான் பகலில் கடையில் இருக்கிறேன். மாலையில் லேப் டெக்னீசியன் வகுப்பு. அந்த வாரம் இசபெல்லா மேடம் கொழுப்பு அமிலங்களை எடுத்தார். தின்றது மிஞ்சினால் உடம்பு அதை இரண்டிரண்டு கார்பனாகக் கோத்துக் கொழுப்பாக அடுக்கி வைக்கும். பசித்தால் அதே சங்கிலியை இரண்டிரண்டாக நறுக்கி எரிக்கும். துறைமுகத்தை வைத்து அவர் விளக்கியது அப்படியே நினைவிருக்கிறது.

"இன்சுலின்தான் கேட் பாஸ். அது இல்லன்னா சர்க்கரை லாரி லாரியா ரோட்டுல நிக்கும், செல்லுக்குள்ள வராது. உள்ள இருக்கவன் பட்டினின்னு நெனச்சுக் கிட்டங்கியில உள்ள கொழுப்பையெல்லாம் நறுக்கித் தள்ளுவான். அத்தனையையும் எரிக்க முடியாது. மிச்சத்தக் கல்லீரல் கீட்டோனா மாத்தி ரத்தத்துல விடும். ரத்தம் புளிச்சுப்போகும். மூச்சுல அசிட்டோன் வாடை வரும். உடம்பு புளிப்ப வெளியேத்தப் பார்க்கும், அதனால மூச்சு ஆழமா, வேகமா இழுக்கும். அதுக்கப்புறம் நேரம் கிடையாது."

கை தூக்கினேன். "விரதம் இருக்கவங்களுக்கும் அந்த வாடை வருமா மேடம்?"

"லேசா வரும். ஆனா அவங்களுக்குச் சர்க்கரை ஏறாது. அதான் வித்தியாசம்."

"ரத்தம் எடுக்காம எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அந்தக் காலத்துல மூத்திரத்த எறும்பு மொய்க்குதான்னு பார்ப்பாங்க."

"அப்ப லேபுக்கு எறும்பு வாங்கணும் மேடம்" என்றான் ஷாம். வகுப்பே சிரித்தது. என் பேனா கையிலிருந்து நழுவியது.

வகுப்பு முடிந்ததும் சர்க்கரை பார்க்கும் மீட்டரைக் கேட்டு வாங்கிப்போனேன். அப்பா தம்பியைத் தொடவிடவில்லை.

"காப்புக் கட்டின கையில ரத்தம் பார்க்கக் கூடாதுளா. நாலு கிளாஸ் போயிட்டு வந்து சாமிக்கு நோவு கண்டுபிடிக்கியோ?"

நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். விரதத்தின் வாடையாகவே இருக்கலாம். எறும்புகளைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் அம்மா அதையும் தாயின் அடையாளங்களில் சேர்த்துவிடுவாள்.

மறுநாள் மாலை குழு வந்து வாசலில் மேளம் அடித்தது. தம்பிக்குச் சடைமுடியும் கிரீடமும் வைத்துப் பார்த்தார்கள். கிரீடம் ஏறியதும் அவனுக்கு மூச்சு மாறியது. வயிறு ஒட்டிப் போகுமளவு ஆழமாக, இடைவெளி இல்லாமல் இழுத்தான். தெரு முழுக்கப் பழவாடை. பெண்கள் குலவையிட்டார்கள். "தாய் இறங்கிட்டா" என்று யாரோ சொல்ல, வாக்குக் கேட்க வரிசை நின்றது. அவன் நாற்காலியில் சரிந்திருந்தான். கண் பாதி மூடியிருந்தது. நேரம் கிடையாது என்று மேடம் சொன்னது இதைத்தான்.

அப்பாவோடு வாதாடினால் தோற்பேன். அதனால் நானும் வரிசைக்குள் புகுந்து அவன் காலடியில் உட்கார்ந்தேன்.

"தாயே, உன் ரத்தத்துல ஒரு சொட்டு வேணும்."

மேளம் நின்றது. அப்பா என் தோளைப் பிடித்தார். தம்பியின் கண் திறக்கவில்லை. விரல் மட்டும் என்னை நோக்கி நீண்டது. வந்த குரல் மெல்லியது, வயதான பெண்ணுடையதுபோல.

"எறும்புக்குக் குடுத்தத உனக்குக் குடுக்க மாட்டேனா?"

அந்த விரலைப் பிடித்தேன். ஊசியால் குத்தினேன். மீட்டரில் எண் வரவில்லை. அளவு தாண்டினால் வரும் இரண்டு எழுத்துகள் வந்தன.

"என்னளா, நம்பரையே காணோம்?" என்றார் அப்பா.

"நம்பர் பத்தலப்பா."

அவர் என் முகத்தையும் மகனின் முகத்தையும் பார்த்தார். பிறகு தம் கையாலேயே கிரீடத்தைக் கழற்றினார். "ஏலே தளவாய், ஆட்டோவ எடு."

ஆஸ்பத்திரியில் இன்சுலினும் சலைனும் ஏறின. விடியும்வரை விட்டிருந்தால் கோமாவுக்குப் போயிருப்பான் என்றார் டாக்டர். சில நாளில் எழுந்து உட்கார்ந்தான். வாடை போய்விட்டது. எறும்புகளும் கருப்பட்டிக்குத் திரும்பிவிட்டன.

"எறும்பப் பத்தி எங்கிட்ட ஏதோ சொன்னியே?" என்று கேட்டேன்.

"எந்த எறும்பு?" என்றான்.

குளியலறையில் பார்த்து மறந்திருக்கலாம். அவன்தானே அங்கே போகிறவன். ஆனால் எறும்புகள் வந்தது தன்னிடமிருந்து எதையோ எடுக்க என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கே அதற்கு முந்தைய மாலை வகுப்பில்தான் தெரிந்தது.

வேஷத்தைப் பாதியில் விடக்கூடாது என்று அம்மா சொன்னாள். கிரீடத்தைக் குலசைக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எனக்கு வந்தது. மஞ்சள் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனேன். ஆத்தூர் தாண்டும்போது அந்த வாடை வந்தது. அசிட்டோன் நொடியில் ஆவியாகிவிடும், இத்தனை நாள் தங்காது. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். கிரீடத்தின் உள்ளே எதுவும் இல்லை. முகர்ந்தேன். வாடையும் இல்லை.

வாயைப் பொத்தி ஊதினேன். உள்ளங்கையை முகர்ந்தேன். என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

காலையிலிருந்து இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தேன். வெயிலும் அதிகம்தான். துணியின் மடிப்பிலிருந்து ஓர் எறும்பு ஏறி என் விரல் நுனிக்கு வந்து நின்றது. மீட்டர் பையில்தான் இருந்தது. எடுக்கலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர் குலசை, குலசை என்று கதவைத் தட்டினார்.