மூட மறந்த கோடு

முஃபீதாவின் தெருக் குழாயில் தண்ணீர் நின்று பத்து நாளாகியிருந்தது. கூப்பிடு தூரத்தில் ஆறு ஓடுகிறது. மேலப்பாளையத்தில் அவள் தெருக் குழாயில் மட்டும் காற்று வருகிறது. சாலை தோண்ட வந்தவர்கள் குழாயை உடைத்து, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள்போலப் போய்விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு நஃபீஸத் மாமியின் மகள் அஃப்ராவுக்கு நிக்காஹ். அதற்குள் தண்ணீர் வந்தாக வேண்டும் என்று முஃபீதா முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்டிவிட்டால் சும்மா உட்காருகிற ரகமில்லை அவள்.

மனு கொடுத்துப் பார்த்தாள். பார்க்கிறோம் என்றார்கள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று ஊர்த் தளத்தில் எழுதினாள். செல்போன் கடை அசன் மைதீன் நடத்துகிற இணையப் பக்கம் அது. ஊரின் நிக்காஹ், மவுத்து என்று நல்லது கெட்டது எல்லாம் அதில்தான் வரும். துபாய்க்கும் தம்மாமுக்கும் போனவர்கள் பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைத்தான் திறப்பார்கள்.

முதல் பதிவு படுதோல்வி. இடைவெளியே இல்லாமல் முப்பது வரியும் ஒரே கட்டியாக வந்து விழுந்தது. தம்மாமில் இருக்கும் தம்பி ஹசன் அலி, “ராத்தா, படிக்கக் கண்ணு வலிக்கி, பொறவு பாக்கேன்” என்று குரல் அனுப்பினான். கூடப் பிறந்தவனே படிக்கவில்லை என்றால் அதிகாரியா படிக்கப்போகிறார்?

அசன் மைதீனிடம் கேட்டாள். “அதுக்கு ஹெச்டிஎம்எல் தெரியணும்மா. உனக்கு எதுக்கு அந்தத் தலவலி?” என்றார். அந்த ஒரு பேச்சு போதும் அவளுக்கு. மடியில் பீடி சுற்றும் சுளவு, எதிரே புகையிலைத் தூள் டப்பாவில் சாய்த்து வைத்த போன் என்று இரண்டே நாளில் படித்தாள். கூர்குறிகளுக்குள் பி என்று அடித்தால் புதுப் பத்தி. ஸ்ட்ராங் என்று அடித்தால் தடித்த எழுத்து. எஸ் என்று அடித்தால் அதற்குப் பின் வருவதை அடித்துவிட்டதுபோல் குறுக்கே கோடு விழும். முடிகிற இடத்தில் சாய்கோடு சேர்த்து அதே எஸ்ஸைப் போட்டு மூட வேண்டும். திறந்ததை மூடு, அவ்வளவுதான் சங்கதி. ஒரு பீடியைக்கூட வாய் மடக்காமல் விடாத கைக்கு இது ஒரு பாடமா?

பிறகு தினமும் தலைப்பைத் திருத்தினாள். ‘12 நாள்’ என்பதன்மேல் கோடு, பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘13 நாள்’. இப்போது படித்தார்கள். ஆனால் நானூறு பேர்தான்.

பதினான்காம் நாள் காலை. பதின்மூன்றை அடிக்கக் கோட்டைத் திறந்தாள். தெருமுனையில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. ஐந்து நிமிடம் பிந்தினால் ஒரு குடம்கூடக் கிடைக்காது. வெளியிடும் பொத்தானை அமுக்கிவிட்டுக் குடங்களோடு ஓடினாள்.

திரும்பி வந்தபோது வாசலில் நஃபீஸத் மாமி நின்றாள். முகம் கொதித்தது.

“ஏளா, எம்புள்ள கல்யாணத்த அடிச்சுப் போட்டியே. மாப்ள வாப்பா துபாயில இருந்து கூப்புட்டு, ஏன் நின்னு போச்சுன்னு கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல?”

முஃபீதா போனைப் பார்த்தாள். மூடாத கோடு அவள் பதிவைத் தாண்டிப் பக்கம் முழுக்க ஓடியிருந்தது. அஃப்ராவின் நிக்காஹ் அறிவிப்பின்மேல் கோடு. அதற்குக் கீழே பக்கத்துத் தெருப் பெரியவர் நூகு அப்பாவின் மவுத்து அறிவிப்பின்மேலும் கோடு. யாரோ ஒரு புண்ணியவான் அவர் பிழைத்துக்கொண்டார் என்று நினைத்து ‘அல்ஹம்துலில்லாஹ்’ எழுதியிருந்தான்.

அவள் கடைக்கு நடந்தாள். மாமியும் விடாமல் பின்னாலேயே வந்தாள். அசன் மைதீன் பதிவை அழிக்கக் கையை வைத்திருந்தார்.

“இனி நீ எழுதாண்டாம் முஃபீதா. கடையைத் தொறந்ததுலேருந்து போன் வச்சபாடில்ல.”

“தப்பு என்னோடதுதான் காக்கா. மாமி, நீங்களும் என்னைய மன்னிச்சிருங்க. ஆனா பதிவ அழிக்காதிய. நாந்தொறந்தத நானே மூடுதேன்.”

அவர் பதில் சொல்வதற்குள் கணினியின் முன் உட்கார்ந்துவிட்டாள். சாய்கோடு, எஸ், கூர்குறி. பக்கம் முழுக்க ஓடிய கோடெல்லாம் ஒரே நொடியில் மறைந்தது. மாமி குனிந்து மகள் பெயரை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தாள்.

“எத்தன பேரு பாத்திருக்காவ காக்கா?”

அவர் திரையில் எண்ணைப் பார்த்தார். “ஆறாயிரம்.”

முஃபீதா எழுந்திருக்கவில்லை. தன் பதிவிலேயே தடித்த எழுத்தில் அடித்தாள்: ‘அஃப்ராவின் நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் நடக்கும். விருந்தாளி கை கழுவ எங்கள் தெருவில் தண்ணீர் இல்லை. கேட்க வேண்டிய அதிகாரியின் எண் கீழே.’

“கல்யாண வீட்டு மானத்த வாங்காதளா” என்றாள் மாமி.

“பொய்யா மாமி? ஞாயித்துக்கெழம இருநூறு பேருக்கு லாரியப் பாத்து நிப்பியளா?”

மாமி அந்த வரியை மறுபடி வாய்விட்டுப் படித்தாள். “அப்பம் அந்த நம்பரையும் தடியாப் போடு” என்றாள்.

முதலில் அதிகாரியைக் கூப்பிட்டது மாப்பிள்ளையின் வாப்பாதானாம். அவருக்குப் பின்னால் அந்த எண் ஓயவேயில்லை. மறுநாளே ஆட்கள் வந்து மண்ணைத் தோண்டினார்கள். பதினாறாம் நாள் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு குழாய் இரண்டு தடவை செருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. முஃபீதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஈரக் கையோடு ‘16 நாள்’ என்பதன்மேல் கோடு போட்டாள். தெரு முழுக்கக் குடச் சத்தம். அவள் அசையவில்லை; கோட்டை மூடினாள், மூடியதை மறுபடி பார்த்தாள்.

எதிர்வாசலிலிருந்து நஃபீஸத் மாமி கூப்பிட்டாள். “ஏளா, எம்புள்ள நிக்காஹுக்குக் கீழ ஒரு வரி போடு. தண்ணி வந்துட்டு, எல்லாரும் வாங்கன்னு. தடியாப் போடு.”