இன்றைய சொல்

“சாச்சித் தூக்குங்கண்ணே, செவுத்துல இடிக்குது!”

சங்கவி கத்தினாள். ஐஸ் பெட்டி மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. நாலு பேர் தூக்கினார்கள். நாற்பது பேர் யோசனை சொன்னார்கள்.

ஹாலில் பாயில் கிடந்தார் அப்பா. சக்கரபாணி, ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர், வயது எழுபத்து மூன்று. ரெட்டியார்பாளையத்து மாடி வீட்டில் தனியாக இருந்தவர். தண்ணீர் மோட்டார் விஷயமாக ஒன்பதரைக்கு மேலே வந்த கீழ்வீட்டு நாராயணசாமிதான், அவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு சங்கவிக்குப் போன் செய்தார். டாக்டர் வந்து, “எட்டு மணி வாக்குல போயிருக்கும்” என்றார்.

“ஒரு வலி இல்ல, ஒரு நோவு இல்ல. குந்தின வாக்குலயே போயிட்டாரு எங்கண்ணன்” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள் சந்திரகலா அத்தை. அடுத்த மூச்சில், “சிக்னல்ல முக்கா மணி நேரம் நிக்க வச்சுட்டானுங்கம்மா. ஆமா, வஞ்சரம் என்னா வெல விக்குது உங்க பக்கம்?”

சங்கவிக்குத் தலை வெடித்தது. அப்பாவிடம் இதற்கெல்லாம் சொல் இருந்தது. ட்வாட்டில். பிபிள் பாபிள். கிளிஷ்மக்ளேவர். வெட்டிப் பேச்சுக்கு அந்தக் காலத்து வெள்ளைக்காரன் வைத்திருந்த பெயர்கள். போன வாரம் முழுக்க அதுதான். இந்த வாரம், உடைவதற்கும் பிளப்பதற்கும். விடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ‘இன்றைய சொல்’ வந்துவிடும். சொல், பொருள், கடைசியில் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். நாலு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. யாரும் முதல் வரியைத் தாண்டியதுமில்லை. ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டால் கடமை முடிந்தது.

போன் அடித்தது. தம்பி ராஜவேல். சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

“திண்டிவனம் தாண்டிட்டேன்க்கா. அப்பா யாருக்குமே போன் பண்ணலயா?”

“பண்ணலடா. ரெண்டு கிலோமீட்டர்ல நான் இருக்கறேன். ஒரு போன் பண்ணா என்னவாம் அந்த மனுஷனுக்கு? ஊர் உலகத்துக்கெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கத் தெரியுது!”

வைத்துவிட்டு, அந்தக் கோபத்தோடே குரூப்பில் தட்டினாள்: ‘அப்பா காலமாகிவிட்டார். இன்று மாலை 4 மணிக்கு எடுக்கிறோம்.’

அரை நிமிஷம் ஆகவில்லை. கட்டைவிரல். இன்னொன்று. மூன்றாவது, இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த அத்தையினுடையது.

“அத்த! சாவுக்குமா கட்டைவிரலு?”

“பாத்துட்டேன்னு போட்டேன்டி. அதுக்கு ஏன் எரிஞ்சு விழற? சரி, காலையில அண்ணன் என்ன வார்த்தை போட்டாரு? கடைசி வார்த்தையாச்சே. சத்தமா படி, எல்லாரும் கேக்கட்டும்.”

சங்கவி விரலால் மேலே தள்ளினாள். காலை 6:05.

“இன்றைய சொல்: ரைவ்” என்று படித்தாள். “பொருள்: பிளத்தல், கிழித்தல். மரத்துக்கும் சொல்லலாம், துணிக்கும் சொல்லலாம்.”

நிறுத்தினாள்.

கீழே ஒன்பது கட்டைவிரல்கள். தொட்டதும் பெயர்கள் விரிந்தன. அத்தை. ராஜவேல். கூடவே அவளும். ஆறேகால் வாக்கில் இட்லிக்கு மாவு ஊற்றியபடி, ஈரக் கையால் தட்டியது.

போன மாசம் அவள்தான் சொன்னாள். ‘காலையில போன் பண்ணாதப்பா, பசங்களை ஸ்கூலுக்கு அனுப்பற நேரம். எதுன்னாலும் குரூப்ல போடு, பாத்துக்கறேன்.’

“அவ்ளோதானா?” என்றாள் அத்தை.

அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். போனை மூடிவிடலாம். ‘ஒரு வலி இல்ல, ஒரு நோவு இல்ல’ என்றே பதினாறாம் நாள் வரை ஓடிவிடும்.

“இன்னும் ஒரு வரி இருக்குது” என்றாள் சங்கவி.

“படிடி.”

“எடுத்துக்காட்டு: நாலு மணியிலிருந்து என் நெஞ்சு ரைவ் ஆகிறது. சங்கவி வந்தால் நல்லது.”

வஞ்சரம் நின்றது. சிக்னல் நின்றது. படியில் பெட்டிக்கு யோசனை சொன்னவர்களும் நின்றார்கள். காலையிலிருந்து முதல்முறையாக மின்விசிறிச் சத்தம் கேட்டது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அத்தை மடியிலிருந்த போனை எடுத்தாள். சுவரோரம் ஒருவர் சட்டைப்பையைத் தடவினார். சங்கவியின் போனில் ஒன்பது கட்டைவிரல், எட்டானது. ஏழானது. கொஞ்ச நேரத்தில் ஐந்து.

ராஜவேல் மூன்று மணிக்கு வந்தான். யாரோ படியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்பாவைப் பார்ப்பதற்கு முன் தூணோரம் திரும்பி நின்று போனைத் தட்டினான்.

நாலு மணிக்கு அப்பா கிளம்பினார். மேளம் தெருமுனை திரும்பும் வரை படியில் நின்றிருந்தாள் சங்கவி. பிறகு போனைத் திறந்தாள்.

ஒரே ஒரு கட்டைவிரல் மிச்சமிருந்தது. அவளுடையது.

அதை அவள் தொடவில்லை.