ரிலேயின் ரெண்டு கால்

இரும்புக்கம்பி முதலில் மேசைக் கண்ணாடியில் விழுந்தது, அடுத்து நூஹுவின் தோளில். கதிரையோடு சரிந்தவனை மக்பூல் சட்டைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

"என்ட தம்பிட மூணு விரல் போச்சுடா! நிப்பாட்டின சக்கரம் எப்பிடிடா தானாச் சுத்தும்?"

ஆலங்குடாப் பக்கம் மக்பூலுக்கு இறால் தொட்டிகள். தண்ணியை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்களை ஓட்டி நிறுத்தும் சர்க்கிட் பலகைகளைச் செய்து கொடுத்தவன் நூஹு. நாட்டில் யுத்தம் முடிந்தபிறகு கற்பிட்டியில் கொம்பியூட்டரில் சர்க்கிட் படம் கீறிப் பிழைக்கிற ஒரே ஆள் இவன்தான். அந்தப் பெருமை வேறு தலைக்கு ஏறியிருந்தது. மெயின் சுவிட்ச் தூரத்துக் கொட்டிலில் என்பதால், பண்ணைக்காரர் எல்லாரும் வரம்பிலுள்ள பெட்டியில் நிறுத்தும் பட்டனை அமத்திவிட்டே தண்ணிக்குள் இறங்குவார்கள். மக்பூலின் தம்பி நௌஃபரும் அப்படித்தான் பாசி எடுக்க இறங்கினான்.

"நானா, அல்லாஹ்வுக்காக ஒரு நிமிஷம் விடுங்க. பாத்துச் சொல்றன்."

வாயெல்லாம் இரத்தம் கரிக்க நூஹு படத்தைத் திறந்தான். பிழை தேடச் சொன்னான். ஒன்றுமில்லை என்றது மென்பொருள். எதற்கும் என்று, சக்கரத்துக்குக் கரண்டை விட்டு வெட்டும் ரிலேயின் குறியீட்டைத் திறந்தான். மென்பொருளில் இல்லாத ரிலே அது, குறியீட்டை அவனேதான் கீறியிருந்தான்.

ரிலேயின் ரெண்டு இணைப்புக் கால்களின் இலக்கம் இடம் மாறிக் கிடந்தது. முதல் பலகையைச் சோதித்த அன்றே சக்கரம் தலைகீழாகத்தான் வேலை செய்தது. நிப்பாட்டினால் ஓடியது, ஓடவிட்டால் நின்றது. இந்த மகா கெட்டிக்காரன் குறியீட்டைத் திரும்பிப் பார்த்தானா? புரோகிராமில் கட்டளையைத் திருப்பிப் போட்டுச் சமாளித்தான்! இப்போது உப்புக்காத்துப் பட்டுப் பலகை செத்தால், திருப்பிப் போட்ட கட்டளையும் அதோடு செத்து, நிற்கவேண்டிய சக்கரம் தானாக ஓடும்.

மக்பூலுக்குப் படம் விளங்காது.

"நௌஃபர் பட்டனச் சரியா அமத்தல்ல போல நானா" என்றான் நூஹு. சீ, அதுவும் ஒரு நாக்கா!

மக்பூல் கம்பியைத் தாழ்த்தி, பண்ணையில் நின்ற வேலையாளுக்கு ஃபோன் போட்டான். "ஹயாத்து, பலகையில பிழையில்லயாம். மத்தத் தொட்டியில பட்டன அமத்திப்போட்டு இறங்கு."

"வாணாம்! இறங்க வாணாம்!" நூஹு அலறினான். "நானா, பிழை என்ட! நான் கீறினது பிழை! மெயின வெட்டச் சொல்லுங்க!"

மக்பூல் ஃபோனுக்குள் கத்தினான். ஃபோனில் தண்ணி அடிபடும் சத்தம் கேட்டது. பிறகு ஹயாத்து மூச்சு வாங்கினான். "கரைக்கு ஏறிட்டன் நானா. முழங்கால் வரைக்கும் இறங்கினன்."

மக்பூல் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டான்.

"எந்தக் கையால கீறின?"

கதவு திறந்துதான் கிடந்தது, ஓடியிருக்கலாம். நௌஃபரின் விரல்களை நினைத்துக்கொண்டு நூஹு வலக்கையை மேசையில் வைத்தான்.

கம்பி இறங்கியது. அவன் போட்ட கூச்சல் பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

மக்பூல் கதிரையை நிமிர்த்தி அவனை அதில் இருத்தினான். மக்பூலும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

"மத்தக் கை இரிக்கில்ல? எல்லாத் தொட்டியிலயும் உன்ட பலகைதான் கிடக்கு. திருத்து."

நூஹு இடக்கையால் மவுஸைத் தேடினான்.